சுருட்டைப் பிடுங்கலாம், கோட்டைக் கழற்றலாமா?

பெரிய மனிதர்களைப் படம் பிடிப்பதில் பெரிய கலைஞன் என்று யாரைச் சொல்வது? இதற்குக் கலை விமர்சகர்கள் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பிரபலங்கள் எல்லோரும் ஒரு முகமூடியோடுதான் கேமரா முன்னால் வந்து உட்காருகிறார்கள். அதைக் கழற்றி, உள்ளே ஒளிந்துகிடக்கிற நிஜ மனிதனை வெளியே கொண்டுவருகிறவனே மகா கலைஞன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் ரொம்ப காலம் இதை நம்பிக்கொண்டிருந்தவள்தான். ஆனால் எந்த முகமூடி, அதை யார் மாட்டியது, யார் கழற்றுவது என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், இந்தப் பதில் நொண்டியடிக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்தப் பதிலுக்குச் சாட்சியாக எப்போதும் கொண்டுவந்து நிறுத்தப்படுவது சர்ச்சிலின் சுருட்டுக் கதை. 1941 டிசம்பர் 30. கனடாவின் ஒட்டாவா நகரில் நாடாளுமன்றத்தில் பேசிவிட்டு சர்ச்சில் பக்கத்து அறைக்கு வருகிறார். அங்கே விளக்குகளும் கேமராவும் தயாராக இருக்கின்றன. தன்னைப் படம் எடுக்கப் போகிறார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எரிச்சல். சரி, சீக்கிரம் எடுத்துத் தொலை என்கிற தோரணையில் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நிற்கிறார். யூசுப் கார்ஷ் என்கிற 33 வயதுக்காரர் சாம்பல் கிண்ணத்தை நீட்டிப் பார்க்கிறார். மனுஷன் சுருட்டை வைப்பதாக இல்லை. கார்ஷ் நேரே போய், மன்னிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு, வாயிலிருந்த சுருட்டை வெடுக்கென்று உருவிக்கொண்டு திரும்பி வந்து பொத்தானை அமுக்குகிறார். கடித்துத் தின்றுவிடுவதுபோல் ஒரு முறைப்பு. அதுதான் 'கர்ஜிக்கும் சிங்கம்' என்று உலகம் முழுக்கப் போன படம். 2016இல் இங்கிலாந்தின் 5 பவுண்டு நோட்டில் ஏறியதும் அந்த முறைப்புதான்.

கார்ஷ் சாதாரண ஆள் இல்லை. 1908இல் துருக்கியப் பேரரசின் மார்தின் நகரில் ஆர்மீனியராகப் பிறந்தவர். தன் இனத்தை வெட்டிச் சாய்த்த கொடுமையைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்து, அகதியாக ஓடி, கனடாவில் படம் எடுத்துக்கொண்டிருந்த மாமாவிடம் போய்ச் சேர்ந்து தொழில் கற்றவர். அப்படிப்பட்ட ஒருவர் சாம்ராஜ்யத்தின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கினார் என்பதில் எனக்கும் ஒரு குஷி உண்டு. இல்லாமல் இருக்குமா?

ஆனால் அந்தப் படத்தில் கழன்றது எது? சுருட்டைப் பறிகொடுத்த ஒரு பிரபுவின் கோபம் படத்தில் விழுந்தது. பார்த்தவர்கள் அதைப் பாசிசத்தை எதிர்த்து நிற்கும் ஒரு தேசத்தின் வைராக்கியம் என்று வாசித்தார்கள். ஒரு முகமூடி போய், அதைவிட உறுதியான இன்னொரு முகமூடி வந்து உட்கார்ந்துகொண்டது. சாம்ராஜ்யத்துக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டதும் அதுதான். படம் எடுத்த ஒன்றரை வருஷத்தில், 1943இல், வங்காளத்தில் பஞ்சம் வந்தது. 30 லட்சம் பேர்வரை செத்துப்போனார்கள். நிலமற்ற கூலிகள், மீனவர்கள், கீழே கிடந்தவர்கள்தான் முதலில் செத்தார்கள். அந்த மரணங்களில் சர்ச்சிலின் போர்க்கால அரசுக்கு இருந்த பங்கை அந்த முறைப்புக்குள் யாராலும் தேடி எடுக்க முடியாது. 'உள்ளே இருக்கிற நிஜ மனிதன்' அங்கே எங்கே இருக்கிறான்? பஞ்சத்தில் செத்தவர்களுக்கு அந்த முகம் சிங்கமாகவா தெரிந்திருக்கும்?

*

முகமூடியைக் கழற்றும் வித்தையை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தவர் நியூயார்க்கின் ரிச்சர்ட் அவெடான். 1923இல் பிறந்து 2004இல் இறந்தவர். ஃபேஷன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துப் பேரும் காசும் சம்பாதித்தவர். பின்னால் வெறும் வெள்ளைத் திரை. நாற்காலி இல்லை, புத்தக அலமாரி இல்லை, பூச்சாடி இல்லை. ஆள் மட்டும்.

1957இல் வின்ட்சர் கோமகனையும் அவர் மனைவியையும் படம் எடுக்கப் போகிறார். முடியைத் துறந்த முன்னாள் மன்னர் அவர். 1937இல் ஜெர்மனிக்குப் போய் ஹிட்லரைக் கைகுலுக்கிவிட்டு வந்தவர். அவெடான் யூதர். பல்லாயிரம் தடவை பழகிப்போன அரச புன்னகையோடு இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் நாய் என்றால் உயிர் என்பது அவெடானுக்குத் தெரியும். வருகிற வழியில் என் வாடகைக் கார் ஒரு நாயை ஏற்றிக் கொன்றுவிட்டது என்று ஒரு பொய்யை எடுத்துவிடுகிறார். இரண்டு முகமும் ஒரு நொடியில் சுருங்கிப்போகின்றன. அந்த நொடி படமாகிறது. அரச களை கழன்று இரண்டு வாடிய கிழடுகள். இதை அவெடானே பின்னால் சொல்லியிருக்கிறார். மனுஷனுக்காகக் கலங்காத முகம் நாய்க்காகக் கலங்கியது என்று அந்தப் படத்தை வாசிக்க நமக்கு உரிமை இருக்கிறது.

அதே வருஷம் மர்லின் மன்றோ. மணிக்கணக்காக ஆடிப் பாடிச் சிரித்து, 'மர்லின் மன்றோ' என்கிற சரக்கை அவர் கேமராவுக்கு வழங்கிக்கொண்டே இருக்கிறார். எல்லாம் ஓய்ந்து ஒரு மூலையில் குழந்தைபோல் உட்கார்ந்தபோது, அவருக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது என்று கேமராவோடு அவர் பார்க்க நடந்துபோய், அவர் மறுக்கவில்லை என்று கண்ட பிறகே எடுத்ததாக அவெடான் சொல்கிறார். வெறுமையாய் எங்கோ பார்க்கும் அந்தப் படம் எனக்கும் பிடிக்கும். பிடிப்பதற்குக் காரணம் கழற்றியதல்ல, கேட்டது. வேண்டாம் என்று சொல்லும் இடம் அந்தப் பெண்ணுக்கு அங்கே இருந்தது.

இந்த இரண்டு படத்தோடு அவெடான் நின்றிருந்தால் சண்டையில்லை. 1979 முதல் 1984 வரை, டெக்சாஸ் மாநிலத்தின் ஆமன் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்காக அமெரிக்காவின் மேற்குப் பகுதியெல்லாம் சுற்றினார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்ப்பவர், கசாப்புத் தொழிற்சாலைக்காரர், உணவு விடுதியில் பரிமாறும் பெண், வீடு வாசல் இல்லாமல் சாலையில் அலைபவர் என்று 752 பேரைப் படம் எடுத்தார். 17,000 தாள் பிலிம் செலவானது. அதே வெள்ளைத் திரை. அதே நேர்முறைப்பு. 1985இல் ஆள் உயரத்துக்கும் மேலே பெரிதாக்கி மாட்டினார்கள். ஏழைகளை இப்படிப் பயன்படுத்தலாமா என்று அப்போதே ஒரு சாரார் கேட்டார்கள். மன்னனுக்குக் கொடுத்த அதே திரையைத்தானே கூலிக்காரனுக்கும் கொடுத்தார், இதைவிட சமத்துவம் வேறென்ன என்று இன்னொரு சாரார் பதில் சொன்னார்கள்.

இந்தச் 'சமத்துவ' வாதம் நமக்குப் புதிதா என்ன? எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தினால் நியாயம் ஆகிவிடும் என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மன்னனுக்குப் பின்னாலிருந்து அரண்மனையை எடுத்துவிட்டால் அவன் அதிகாரம் குறைகிறது. சுரங்கத் தொழிலாளிக்குப் பின்னாலிருந்து சுரங்கத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது? முகத்தில் கரி மட்டும் நிற்கிறது. அந்தக் கரியைப் பூசியவன் யார், சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்பதெல்லாம் வெள்ளைத் திரைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அழுக்கு அவன் சுபாவம்போல ஆகிவிடுகிறது. நம்மை 'அழுக்கன்' என்று சொல்கிறவனும் இதையேதான் செய்கிறான். காரணத்தை அழித்துவிட்டுக் கறையை மட்டும் காட்டுகிறான்.

அதற்காக அவெடானை மொத்தமாகத் தூக்கி எறியவும் எனக்கு மனசில்லை. 1963இல் லூசியானாவில் அவர் எடுத்த வில்லியம் காஸ்பியின் படம் இருக்கிறது. அடிமையாகப் பிறந்தவர் காஸ்பி. சட்டகம் முழுக்க அந்த ஒரு முகம்தான். கேமராவை நேரே பார்க்கிறார். அந்தப் படத்தில் அவெடான் எந்தத் தந்திரமும் செய்த மாதிரி தெரியவில்லை. செய்ய என்ன இருக்கிறது? அடிமைமுறை என்பது ஏதோ வரலாற்றுப் புத்தக விஷயம் இல்லை, ஒரு ஆயுசு தூரத்தில் நடந்தது என்று அந்த முகம் சொல்லிவிடுகிறது. அந்தப் படம் வந்த 1964ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு எழுதியவர் அவெடானோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த கறுப்பு எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். பக்கத்தில் பால்ட்வின் மாதிரி ஒரு தோழன் இருந்தபோது அவெடானின் பார்வையும் வேறாக இருந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

*

கறுப்பர்களின் முகத்தை வெள்ளையர் கேமரா முதலில் எப்படிப் பார்த்தது என்று தெரிந்தால்தான் நான் சொல்வது விளங்கும். 1850இல் தென் கரோலினாவின் கொலம்பியா நகரில் ஜோசப் ஜீலி என்பவரின் ஸ்டூடியோவுக்கு ரென்டி என்கிற அடிமையையும் அவர் மகள் டெலியாவையும் வேறு சிலரையும் கூட்டிவந்து, துணியை அவிழ்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக விஞ்ஞானி லூயி அகாசிஸுக்குத் தன் இனக் கோட்பாட்டை நிரூபிக்க 'மாதிரி'கள் தேவைப்பட்டன. அதற்காக ஒரு அப்பனையும் மகளையும் ஒரே இடத்தில் அம்மணமாக்கினார்கள். நாங்கள் ரென்டியின் வழிவந்தவர்கள் என்று சொன்ன ஒரு பெண் 2019இல் வழக்குப் போட்டு, 2025இல் சமரசம் ஆகி, அந்தப் படங்கள் ஹார்வர்டின் கையைவிட்டு சார்ல்ஸ்டன் நகரில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குப் போவதென்று முடிவானது. ஒரு படத்தை விடுவிக்க 175 வருஷம்.

நம் பக்கமும் இது நடந்தது. 1868 முதல் 1875 வரை வெள்ளைக்கார அரசு 'இந்திய மக்கள்' என்று எட்டு பாகங்களாகச் சாதி சாதியாகப் படம் போட்டுப் புத்தகம் கொண்டுவந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு பாகம் வெளியிட்டார். அவற்றில் நம்மவர்கள் இருக்கிறார்கள். முகம் இருக்கிறது, சாதிப் பேர் இருக்கிறது. ஆளின் பேர் தேடினால் கிடைப்பது அபூர்வம்.

ரென்டி படமெடுக்கப்பட்ட அதே காலத்தில்தான் இன்னொரு கறுப்பர் தானாகவே ஸ்டூடியோ படியேறினார். பிரெடரிக் டக்ளஸ். 1818இல் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி ஓடிவந்தவர். எழுத்தாளர், பேச்சாளர், போராளி. 1895இல் சாகும்வரை சுமார் 160 தடவை படம் எடுத்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கனைவிட அதிகம் படமெடுக்கப்பட்டவர் அவர். நல்ல கோட்டு, வெள்ளைச் சட்டை, வாரிய தலை, சிரிக்காத முகம். வெள்ளைக்கார ஓவியர்கள் கறுப்பரை வரைந்தால் பல்லை இளிக்கிற பொம்மையாகத்தான் வரைவார்கள் என்பது தெரிந்தே அவர் சிரிக்க மறுத்தார். 1861இல் பாஸ்டனில் படங்களைப் பற்றியே ஒரு உரை ஆற்றியிருக்கிறார். அவருடைய கோட்டும் சிரிக்காத முகமும் முகமூடியா? ஆம், அவராகவே உண்டாக்கிக்கொண்ட முகமூடி. எஜமானன் மாட்டிய முகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தானே மாட்டிக்கொண்டது. இதைப் போய் ஒருத்தன் 'கழற்றி உள்ளே பார்க்கிறேன்' என்று கிளம்பினால் அவன் கலைஞனா, ஜீலியின் வாரிசா?

கோட்டு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை குடிசையில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது! நீலக் கோட்டைக் கண்டாலே வயிறெரிந்து சிலையை உடைக்கிறவனுக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

எங்கய்யாவுக்கும் ஒரு கோட்டு ஆசை இருந்தது. கல்யாணம் ஆன புதிதில், 1986இல், அம்மாவைக் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் வாடிக்கையாளருக்கென்று ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். எங்களுக்கு முன்னால் எடுத்தவர் அதைப் போட்டுக்கொண்டுதான் எடுத்தார் என்று அம்மா சொல்லும். அய்யா கோட்டைப் பார்க்கக் கை நீட்டினார். எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த ஸ்டூடியோக்காரர், "ஒனக்கெதுக்குடா கோட்டு? இருக்குற மாதிரியே நில்லு" என்றார். அய்யா இருக்கிற மாதிரியே நின்றார். அம்புட்டுதான் கதை. 'இருக்குற மாதிரியே நில்லு' என்பது அந்த ஊரில் எங்களுக்கு விதிக்கப்பட்டிருந்த சட்டம். நிஜ மனிதனை எடுக்கிறேன் என்று பெரிய கலைஞர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

*

அப்படியானால் யார்தான் பெரிய கலைஞர்? என் கணக்கில் கோர்டன் பார்க்ஸ். 1912இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் 15 பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். ரயிலில் சாப்பாடு பரிமாறும் வேலை பார்த்தவர். அடகுக் கடையில் ஒரு பழைய கேமரா வாங்கித் தானாகக் கற்றுக்கொண்டவர். தன் சுயசரிதைக்கு அவர் வைத்த பேர், ஆயுதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்கிற பொருளில் வரும். கேமராதான் அவர் தேர்ந்தெடுத்த ஆயுதம்.

1942இல் வாஷிங்டனில் அரசாங்கத்தின் விவசாயப் பாதுகாப்புத் துறையில் படமெடுக்கப் போய்ச் சேர்கிறார். அங்கிருந்த அதிகாரி ராய் ஸ்டிரைக்கர், கேமராவை வைத்துவிட்டு ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வா என்று அனுப்புகிறார். ஓட்டலில் சாப்பாடு தரமாட்டேன் என்கிறான். துணிக்கடையில் கவனிக்க ஆளில்லை. சினிமாக் கொட்டகையில் நுழைய விடவில்லை. தேசத்தின் தலைநகரம்! கொதித்துப்போய்த் திரும்பிய பார்க்ஸ், அதே அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் எல்லா வாட்சன் என்கிற கறுப்புப் பெண்ணிடம் பேசுகிறார். அப்பாவை வெள்ளைக் கும்பல் அடித்துக் கொன்றது முதல் அந்த அம்மாவின் கதையைக் கேட்கிறார். பிறகு அமெரிக்கக் கொடிக்கு முன்னால் ஒரு கையில் துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் கட்டையோடு நிற்கவைத்து எடுக்கிறார். 1930இல் கிராண்ட் உட் வரைந்த, வெள்ளை விவசாயி கவட்டைக் கம்போடு நிற்கும் புகழ்பெற்ற ஓவியத்தின் பேரையே அதற்கு வைத்தார்: 'அமெரிக்கன் காத்திக்'. இந்தப் படம் வெளியே போனால் நம் எல்லோர் வேலையும் போய்விடும் என்று ஸ்டிரைக்கர் பதறினாராம்.

நான் பார்க்ஸைப் பெரிய கலைஞர் என்பதற்கு அந்தப் படம் மட்டும் காரணமில்லை. அதை எடுத்துவிட்டு அவர் போய்விடவில்லை. எல்லா வாட்சனின் வீட்டுக்குப் போனார், பேரப்பிள்ளைகளோடு எடுத்தார், அவர் சாமி கும்பிடும் தேவாலயத்துக்கும் போனார். கொடியும் துடைப்பமும் ஒரு வாதம். வீடும் பிள்ளைகளும் ஒரு ஆள். இரண்டும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1948இல் ஹார்லெமின் தெருச் சண்டைக் கும்பல் தலைவன் ஒருவனைப் பற்றி 'லைஃப்' பத்திரிகைக்குப் படம் எடுத்தார். அந்தப் பத்திரிகையின் முதல் கறுப்புப் புகைப்படக்காரர் ஆனார். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. அவன் வீட்டுக்குள் இருந்த அமைதியான கணங்களையும் பார்க்ஸ் எடுத்திருந்தார். பத்திரிகை ஆசிரியர்கள் வன்முறையைக் காட்டும் படங்களையே பெரிதும் பொறுக்கிப் போட்டார்கள். பொத்தானை அமுக்குவது நம் கையில் இருந்தாலும் பொறுக்குவது அவன் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அதன்பிறகு அவர் பிரபலங்களையும் எடுத்தார். 1949இல் இத்தாலியின் ஸ்ட்ராம்போலி தீவில் நடிகை இன்கிரிட் பெர்க்மன். கணவன் இருக்க இயக்குநர் ரொசெலினியோடு வாழ்கிறார் என்று ஊர் உலகமே தூற்றிக்கொண்டிருந்த நேரம். பார்க்ஸ் எடுத்த படத்தில் பெர்க்மன் முன்னால் தனியே நிற்கிறார். பின்னால் கறுப்பு உடையில் மூன்று உள்ளூர்ப் பெண்கள் அவரைப் பார்க்கிறார்கள். நடிகையின் அழகைக் காட்டுகிற படம் இல்லை அது. ஒருத்தியை ஊர் ஒதுக்கிவைத்துப் பார்க்கும் பார்வையைக் காட்டுகிற படம். அந்தப் பார்வை முதுகில் எப்படிச் சுடும் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். பார்க்ஸுக்குத் தெரிந்திருந்தது.

1966இல் முகமது அலி. வியட்நாம் போரை எதிர்த்துப் பேசியதற்காகவும், இஸ்லாத்துக்கு மாறியதற்காகவும் வெள்ளைப் பத்திரிகைகள் வாயாடி, திமிர் பிடித்தவன் என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்த காலம். பேரை மாற்றிக்கொண்ட பிறகும் பழைய பேரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். பார்க்ஸ் அவரோடு நாள்கணக்கில் இருந்து எடுத்தார், எழுதவும் செய்தார். அதில் ஒரு படத்தில் முகம் முழுக்க வியர்வைத் துளி. குத்தும் இல்லை, கத்தலும் இல்லை. உழைத்த ஒரு முகம். அலியின் முகத்திலிருந்து எதையும் பார்க்ஸ் கழற்றவில்லை. பத்திரிகைகள் மாட்டிவிட்டதை மட்டும் துடைத்துவிட்டார். துடைப்பக்காரியை எந்த மரியாதையோடு பார்த்தாரோ அதே மரியாதைதான் உலக சாம்பியனுக்கும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பிரபலங்களின் படத்தை மதிப்பிட எனக்கு இப்போது ஒரே அளவுகோல்தான். எவ்வளவு பெரிய நட்சத்திரத்தை எடுத்தான் என்று நான் கேட்பதில்லை. எந்த வெளிச்சம், எந்த லென்ஸ் என்றும் கேட்பதில்லை. இந்த ஆள் எங்க அப்பத்தாவை எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்பான்? அவள் வேண்டாம் என்று சொல்ல இடம் விட்டிருப்பானா? பேர் கேட்டிருப்பானா? அவள் கையில் இருக்கும் களைக்கொட்டோடு அந்த வயல் யாருடையது என்பதும் படத்தில் தெரிந்திருக்குமா? மேலே இருப்பவனின் சுருட்டைப் பிடுங்கலாம், தப்பில்லை. ஆனால் கீழே இருந்து ஏறி வந்தவன் ஆசையாய்ப் போட்டுக்கொண்ட கோட்டில் கை வைக்க எந்தக் கலைக்கும் உரிமை இல்லை.

போன வருஷம் அய்யா செத்துப்போனார். ஃப்ளெக்ஸ் அடிக்க அந்த 1986ஆம் வருஷத்துப் படம் ஒன்றுதான் வீட்டில் இருந்தது. அதிலிருந்து அய்யாவை மட்டும் வெட்டி எடுத்தோம். கடைப் பையன் நம்ம பிள்ளைதான். "கோட்டு போட்ருவமாக்கா?" என்று கேட்டு, கம்ப்யூட்டரில் ஒரு நீலக் கோட்டை எடுத்து அய்யாவுக்கு மாட்டிவிட்டான். அளவு கச்சிதமாக இருந்தது. தெருமுனையில் எட்டடி உயரத்தில் கட்டினோம். எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். அம்மா மட்டும் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "கோட்டு வந்துருச்சு, கண்ணு இன்னும் அவனத்தான பாக்குது" என்றது.

அந்தக் கண்ணில் இருப்பது அய்யா மட்டும் இல்லை. எதிரே கேமராவுக்குப் பின்னால் நின்றவனும் அதில் இருக்கிறான். கோட்டைக் கம்ப்யூட்டரில் மாட்டலாம். பார்த்தவனின் பார்வையை எதை வைத்து அழிப்பது?

இப்போது நம் தெருப் பிள்ளைகள் கையிலும் கேமரா இருக்கிறது. கல்யாணத்துக்கு எடுக்கிறார்கள், போராட்டத்துக்கு எடுக்கிறார்கள், நாளைக்கு நட்சத்திரங்களையும் எடுப்பார்கள். தம்பிகளா, தங்கச்சிகளா, யாரை வேண்டுமானாலும் எடுங்கள். எடுக்கிறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை, எப்படி நிக்கணும்னு ஆசைப்படுறீங்கன்னு கேளுங்கள்.